மேட்டு மனையின் மழைநீர்

புதுவைப் பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறமாய் நிற்கும் ஆயி மண்டபத்தைக் காணாத புதுவையர் இல்லை. வெளியூரார் வருகின்றனர், நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர், போகின்றனர். அந்த மண்டபம் போரில் வென்ற மன்னன் ஒருவனுக்காக எழுந்ததன்று. தண்ணீருக்காக எழுந்தது. மூன்றாம் நெப்போலியன் பிரெஞ்சு நாட்டை ஆண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில், முத்திரையர்பாளையத்து நன்னீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டதன் நினைவு அது. அந்த நீருக்கு மூலமான குளத்தை வெட்டியவள் ஆயி என்னும் கணிகை என்பது செவிவழிக் கதை.

கிருட்டிணதேவராயர் ஒருநாள் மாலை அவ்வழியே வந்தாராம். விளக்கொளியில் மின்னிய மாளிகை ஒன்றைக் கோயில் எனக் கருதிக் கைகூப்பினாராம். அது கணிகையின் வீடு என்று பிறர் சொல்லக் கேட்டதும் சினம் பொங்கிற்றாம். இடித்துத் தள்ளுங்கள் என்றாராம். ஆயி முன்வந்து, நானே இடித்துவிடுகிறேன், அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்ட இசைவு தாருங்கள் என்று கேட்டாளாம்.

கதை மெய்யோ பொய்யோ, ஆராய்வார் ஆராயட்டும். பிழை கும்பிட்டவர் கண்ணில். தண்டனை கும்பிடப்பட்ட வீட்டுக்கு! இந்த நீதி எந்த நூலில் உள்ளது என்ற வினாவும் ஒருபுறம் கிடக்கட்டும். பாகூர்ப் பக்கம் போனால் இத்தகைய கதை இன்னொன்றும் கேட்கலாம். பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுக்குப் பங்காரி, சிங்காரி எனும் தேவதாசிச் சகோதரியரைக் காரணமாகச் சொல்வர். ஊரார் முகம் சுளித்து ஒதுக்கிய பெண்டிர் ஊரார்க்கு நீர் தந்தனர் என்று ஊராரே கதை சொல்கின்றனர். அந்தப் பெண்டிரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கச் சென்னை மாகாணத்தில் 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆயி கதையில் எனக்கு உறைப்பது வேறொன்று. வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள் ஒருத்தி. குளத்தைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம் நாம்.

தோழர்களே! 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்று சொல்வது மரபு. உண்மையில் அது கடக்காமல் நின்றது. நின்ற இடத்தில் நின்றபடியே கொட்டித் தீர்த்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேலான மழை! ஆண்டு முழுதும் புதுவை பெறும் மழை ஏறத்தாழ 130 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் விழுந்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கிக்கொண்டோரை மீட்க இராணுவம் வந்தது. ரெயின்போ நகரும் பாவாணர் நகரும் நீரில் மிதந்தன. ரெயின்போ என்றால் வானவில். வானவில்லைக் காண மழை வேண்டுமன்றோ? அந்நகரத்து மக்களுக்கோ மழை வந்தால் வானத்தைப் பார்க்க நேரமில்லை. தரையைப் பார்த்தபடி, பெட்டியையும் புத்தகத்தையும் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருக்கின்றனர்.

இத்தகைய பெருமழையை எந்த வடிகாலும் தாங்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நேர்மை. வடிகால் சரியாக இருந்திருந்தால் ஒரு சொட்டும் நின்றிராது என்று மேடையில் முழங்குவோர் பொய் முழங்குகின்றனர். எனினும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் நான்கைந்து சென்டிமீட்டர் மழை பெய்தாலே இந்திரா காந்தி சதுக்கத்தில் வண்டிகள் நீந்துகின்றனவே, அதற்கு எந்தப் புயலைக் காரணம் காட்டுவது? ஆண்டுதோறும் வரும் விருந்தாளியை ஆண்டுதோறும் "எதிர்பாராத விருந்தாளி" என்று அழைப்பது அறிவுடைமையா?

மழை பெய்தால் வருணன் அருள். மிகுதியாகப் பெய்தால் வருணன் சினம். நீர் வீட்டுக்குள் புகுந்தால் தலைவிதி. இப்படிப் பேசுவோரைப் பகுத்தறிவாளர் நாம் எள்ளி நகையாடுகிறோம். நகையாட நமக்கு உரிமை உண்டா என்பதைச் சற்றே சோதித்துப் பார்ப்போம். நான் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், புதுவை நகரின் விளிம்பில், முன்பு நெல் விளைந்த நிலத்தில் போடப்பட்ட மனைப்பிரிவு ஒன்றில் நான் வீடு கட்டினேன். அடித்தளம் போடும் நாளில் கொத்தனார் சொன்னார்: "ரோட்ட விட மூணு அடி ஒசத்திடலாங்க. நாளைக்கு ரோட்டு மேல ரோடு போட்டாலும் தண்ணி உள்ள வராது." அறிவார்ந்த யோசனை என்று தோன்றிற்று. லாரி லாரியாக மண் வந்தது. எங்கோ ஒரு மேடு பள்ளமாயிற்று. என் பள்ளம் மேடாயிற்று. முற்றத்தில் புல் முளைத்தால் பாம்பு வரும், சேறானால் கால் அழுக்காகும் என்று மதிற்சுவர் வரை சிமெண்டுத் தளம் போட்டேன். கூரைநீர் குழாய் வழியே தெருவில் விழ ஏற்பாடு செய்தேன். வீடு அழகாகவே அமைந்தது.

முதல் மழைக்காலத்தில் அடுத்த வீட்டு அம்மையார் என் வாசலுக்கு வந்தார். எனக்கு இருபது ஆண்டு முன்பே அங்குக் குடிவந்து, ஓட்டு வீடு கட்டி வாழ்பவர். சண்டைக்கு வரவில்லை. மெல்லத்தான் சொன்னார்: "தம்பி, ஒங்க வீடு வர்றதுக்கு முன்னால எங்க வாசல்ல தண்ணி நின்னதே இல்ல."

"இந்த ஆண்டு மழை அதிகம் அம்மா" என்றேன் நான்.

வருணனை நகைத்த நாவு அல்லவா அது! என் கூரையும் என் சிமெண்டும் என் மூன்றடி மண்ணும் செய்த வேலையை, ஒரு நொடியில் வானத்தின் தலையில் ஏற்றிவிட்டேன். கோயிலுக்குப் போகாதவனும் பழிபோட ஒரு கடவுளை வைத்துக்கொள்கிறான். சிலர் அதற்கு இயற்கை என்று பெயரிடுகின்றனர்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் நீர். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழை பெய்யும் சாதாரண நாளில் அந்த மனையில் விழும் நீர் 11,000 லிட்டருக்கு மேல். ஒரு தண்ணீர் லாரியின் கொள்ளளவு! அது நெல்வயலாக இருந்த காலத்தில் வரப்பு அந்த நீரைத் தேக்கிற்று, மண் குடித்தது, எஞ்சியது மெல்ல மெல்ல வாய்க்காலுக்கு நடந்து போயிற்று. இன்றோ கூரையும் தளமும் ஏறத்தாழ முழுவதையும் உடனே தெருவுக்குத் துரத்துகின்றன. நீரின் அளவு கூடியது ஒரு கேடு. அது நடப்பதை விட்டு ஓடத் தொடங்கியது அதனினும் பெருங்கேடு. நூறு மனை கொண்ட பிரிவு ஒன்றில் நூறு லாரித் தண்ணீரும் ஒரே மணியில் ஒரே மூலைக்கு ஓடி வந்தால், அந்த மூலையில் வாழ்பவன் என்ன செய்வான்? ஃபெஞ்சல் நாளுக்கு இதே கணக்கைப் போட்டால், ஒரு மனைக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. அன்று ஊறிய மண்ணும் குடிக்க மறுத்திருக்கும் என்பது மெய்யே. ஆனால் நம் ஆண்டுகளில் பெரும்பாலானவை ஃபெஞ்சல் ஆண்டுகள் அல்ல.

இங்கேதான் அறவினா எழுகிறது. என் மனை என் காசில் வாங்கியது. பத்திரம் என் பெயரில் உள்ளது. மழையோ நான் அழைக்காமலே வந்தது. அது என் மனையில் விழுந்து, சரிவு கண்டு, பள்ளத்து வீட்டுக்குப் போனால் நான் எப்படிப் பொறுப்பாவேன்? நீர் பள்ளத்தை நாடும் என்பது நான் செய்த சட்டமா?

இந்த வினாவைப் புதுவைக்காரன் கேட்பதில் ஒரு வேடிக்கை உண்டு. இதற்கு விடை இவ்வூரில் நெடுங்காலம் சட்டமாகவே இருந்தது. 1804இல் நெப்போலியன் காலத்தில் இயற்றப்பட்ட பிரெஞ்சுக் குடிமைச் சட்டம், 1819இல் புதுவைக்கும் வந்தது. அதன் 640ஆம் பிரிவு, மேட்டு நிலத்தானையும் கீழ் நிலத்தானையும் நேருக்கு நேர் நிறுத்திப் பேசுகிறது. மனிதன் கைபடாமல் இயல்பாக இறங்கிவரும் நீரைக் கீழ் நிலத்தான் ஏற்க வேண்டும், குறுக்கே அணை போடலாகாது. இது அவனுக்கு விதித்தது. கீழ் நிலத்தின் சுமையை மிகுவிக்கும் எந்தச் செயலையும் மேட்டு நிலத்தான் செய்யலாகாது. இது இவனுக்கு விதித்தது. 681ஆம் பிரிவு இன்னும் நெருங்கி வருகிறது. கூரை நீர் உன் மண்ணில் விழலாம், பொது வழியில் விழலாம். அண்டை வீட்டான் மண்ணில் விழும்படிக் கூரை அமைக்காதே என்பது அதன் கருத்து. புதுவையில் இன்று அச்சட்டம் சில குடும்பங்களின் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கு மட்டுமே எஞ்சி நிற்கிறது. எனினும் சட்டம் போனாலும் அது கண்ட அறம் போய்விடுமோ?

அந்த 640ஆம் பிரிவின் உயிர் ஒரே ஒரு வேறுபாட்டில் இருக்கிறது. இயற்கை தந்த சுமை வேறு. மனிதன் கூட்டிய சுமை வேறு. முன்னதைப் பள்ளத்தான் பொறுத்துக்கொள்ளட்டும். பின்னதை அவன் பொறுக்க வேண்டியதில்லை. மேல், கீழ் என்ற சொற்களைக் கேட்டாலே நமக்கு வேறொரு நினைவு எழும். இந்நாட்டில் மேல் கீழ் வகுத்தோரும் அதை இயற்கை என்றே சொன்னார்கள். பிறப்பு மேடு, பிறப்புப் பள்ளம் என்றார்கள். நிலத்தின் மேடாவது கண்ணால் காணத்தக்கது, மட்டப்பலகை வைத்து அளக்கத்தக்கது. அப்படி மெய்யாகவே மேட்டில் இருப்பவனுக்குச் சட்டம் கடமையைச் சுமத்துகிறது. பொய்யாக மேட்டில் ஏறியவனோ கடமை ஒன்றுமின்றிக் கழிவை மட்டும் கீழே தள்ளினான்.

நம் புதிய மனைப்பிரிவுகளின் மேடு எப்படிப்பட்டது? கோரிமேட்டுச் செம்மண் மேடு இயற்கை செய்தது. அங்கிருந்து நீர் கிழக்கே கடல் நோக்கி இறங்குவதும் இயற்கை. என் வீட்டு மூன்றடி மேடு எந்தப் புவியியல் நூலிலும் இல்லை. அது லாரியில் வந்தது. எதிர்மனைக்காரர் என்னைப் பார்த்து மூன்றரை அடி உயர்த்தினார். அவருக்குப் பின் வந்தவர் நான்கு அடி. சாலை போடுவோரும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தாரை அப்புகின்றனர். சாலையும் ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது. உயர உயர, உயர்த்த வழியற்ற ஏழையின் பழைய வீடு, தான் இருந்த இடத்திலேயே இருந்தபடி பள்ளமாகிறது. அவன் கீழே இறங்கவில்லை. சுற்றியுள்ளோர் ஏறிக்கொண்டார்கள். அப்புறம் அவனைப் பார்த்து, "பள்ளத்தில் ஏன் வீடு கட்டினாய்?" என்று கேட்கிறார்கள்! இந்தக் கேள்வியின் கொடுமையைப் போன்றதொன்றை நம் வரலாறு நன்கறியும்.

நீர் தனியாகவும் வருவதில்லை. கோடை முழுதும் தெருவில் சிந்திய வண்டி எண்ணெய், தேய்ந்த டயரின் கரித்தூள், நாயின் மலம், பிளாஸ்டிக் பை, கட்டுமான இடங்களில் கொட்டிக் கிடக்கும் மணல், சிமெண்டுக் குழம்பு ஆகிய எல்லாவற்றையும் முதல் மழை கழுவி எடுத்துக்கொண்டு புறப்படுகிறது. முதல் அரைமணி நேரத்து நீரே மிக அழுக்கானது. பள்ளத்து வீட்டுக்குள் புகுவது மழைநீர் என்று நாம் சொல்கிறோம். புகுவது நகரத்தின் ஓராண்டுக் குப்பைக் கரைசல். பின்னர் அது பெரிய வாய்க்காலிலும் உப்பாற்று வடிகாலிலும் இறங்கிக் கடலுக்குப் போகிறது. அங்கே வலை வீசுவோன் அதன் பங்கைப் பெறுகிறான். கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து வரும் மணலோ கடல்வரை போகாமல் வடிகாலிலேயே படிந்து, அடுத்த மழைக்கு வழியை அடைத்து வைக்கிறது.

பெரிய வாய்க்காலைப் பற்றி ஒரு சொல். பிரெஞ்சுக்காரர் அதன் கிழக்கே வெள்ளை நகரம் வைத்தனர். மேற்கே தமிழர் வாழ்ந்த கறுப்பு நகரம். நிறத்தைப் பிரிக்க ஒரு வாய்க்கால்! இரு கரைக் கழிவும் அதனுள் வேற்றுமையின்றிக் கலந்துதான் ஓடிற்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் இணைப்பு நிறைவெய்திற்று. வாய்க்கால் அங்கேயே இருக்கிறது.

அடைத்துக்கொண்ட வடிகாலுக்குள் யார் இறங்குகிறார்? மனை விற்றவர் இறங்குவதில்லை. வரைபடம் வரைந்தவரும், சிமெண்டுத் தளம் போட்ட நானும் இறங்குவதில்லை. யார் இறங்குவார் என்பதை அவர் பிறக்குமுன்பே இச்சமூகம் எழுதி வைத்துவிட்டது. மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடைசெய்து 2013இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. அதற்குப் பின்னும் பத்தாண்டு சென்று, 2023 அக்டோபரில், கழிவுநீர்க் குழியில் இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. தடைசெய்யப்பட்ட சாவுக்கு விலை ஏற்றப்பட்டது என்றால், சாவு நிற்கவில்லை என்பதுதானே பொருள்? புதுவை ரெட்டியார்பாளையத்துப் புதுநகரில் 2024 சூன் திங்களில், நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயிலிருந்து கழிவறை வழியே கிளம்பிய நச்சுக்காற்று, வீட்டுக்குள் இருந்த மூன்று பெண்களின் உயிரைக் குடித்தது. அவருள் ஒருத்தி பள்ளிச் சிறுமி. அது மழைநீர் வடிகால் அன்று, கழிவுநீர்க் குழாய். ஆயினும் புதைத்துவிட்டால் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை இரண்டிற்கும் பொது. கூரைநீரைக் கழிவுநீர்த் தொட்டியில் இணைப்பதும், கழிவறைக் குழாயை மழை வடிகாலில் செருகுவதும் நம் தெருக்களில் அன்றாடம் நடப்பவை. இரண்டின் பயனையும் அனுபவிப்போர் பள்ளத்தில் வாழ்வோரும் குழியில் இறங்குவோரும்.

"ஐயா, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி அரைமனையில் ஒரு வீடு கட்டும் எளியவன் மீது இத்தனை அறத்தையும் ஏற்றுகிறீரே, ஏரியைத் தூர்த்து மனைபோட்டு விற்றவனை விட்டுவிட்டீரே!" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குள் நழுவிப் போக நான் விரும்பவில்லை.

புதுவை வட்டாரத்தில் ஏரிகள் 84 என்பது பழைய கணக்கு. ஊசுட்டேரி, பாகூர் ஏரி, வேல்ராம்பட்டு ஏரி, கனகன் ஏரி எனப் பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். ஓர் ஏரி என்பது நீர் நிற்கும் பள்ளம் மட்டும் அன்று. நீர் வந்து சேரும் வரத்து வாய்க்கால், மிகுநீர் வெளியேறும் கலிங்கு, வயலுக்குப் போகும் மதகு, கலிங்கு நீர் அடுத்த ஏரிக்குப் போகும் ஓடை, எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. நம் முன்னோர் ஒன்றன் மிச்சம் மற்றொன்றின் வரவாகும்படி அமைத்திருந்தனர். மனைப்பிரிவு போடுவோர் பெரும்பாலும் ஏரியைத் தொடுவதில்லை. ஏரியைத் தொட்டால் செய்தித்தாளில் வரும். வாய்க்காலைத் தொடுகின்றனர். கோடையில் வறண்டு, முள்செடி மண்டி, யாருடையதென்றே தெரியாமல் கிடக்கும் வாய்க்காலை மட்டமாக்கி முப்பதடிச் சாலை என்று பெயர் வைத்துவிடுகின்றனர். கரையும் கலிங்கும் அப்படியே இருக்க, ஏரி செத்துப்போகிறது. நீரோ தன் பழைய வழியை மறப்பதில்லை. முதல் பெருமழையில் அந்தச் சாலையிலேயே நடந்து வருகிறது.

ஆகவே பொறுப்பில் ஏற்றத்தாழ்வு உண்டு. வாய்க்காலை விற்றவன் செய்தது திருட்டு. அதற்கு ஒப்பமிட்டுக் கொடுத்த அலுவலர் செய்தது திருட்டுக்குத் துணை. வாங்கிய எளியவன் ஏமாந்தவன். ஆனால் ஏமாந்தவன், தான் ஏமாந்ததை அறிந்த பின், தன் பங்குக்கு அடுத்தவனை மூழ்கடிக்க உரிமை பெற்றுவிடுகிறானா? எனக்கு மேலே ஒரு திருடன் இருக்கிறான் என்பது, எனக்குக் கீழே உள்ளவரிடம் நான் சொல்லத்தக்க விடையாகுமா? சாதி ஏணியில் ஒவ்வொரு படியில் நிற்பவனும் தனக்கு மேலே உள்ளவனைக் காட்டித் தன் காலடியில் உள்ளவனை மிதித்தான். நான் பெரிய குற்றவாளி அல்லன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குற்றமற்றவன் என்று சொல்லிக்கொள்ள நா எழவில்லை.

தனிமனிதன் திருந்தினால் போதும், அரசு வேண்டாம் என்று நான் சொல்வதாகவும் யாரும் கொள்ளவேண்டா. அறம் பேசி மழைநீரை நிறுத்த முடியாது. அளவு வைத்துத்தான் நிறுத்த முடியும். 681ஆம் பிரிவு கூரைநீரைப் பொது வழியில் விட இசைவு தந்தது என்று கண்டோமே, அந்த இசைவே இன்று கேடாகிவிட்டது. வீடுகள் சில, வழி பெரிது என்றிருந்த காலத்து விதி அது. இன்று எல்லாரும் பொது வழியில் விடுகின்றனர். பொது என்பது யாருக்கும் சொந்தமில்லாத பள்ளம் என்றாகிவிட்டது. தமிழர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரில் 2014 சனவரி முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. 0.2 எக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பில் புதிதாகக் கட்டுவோர், அந்த இடத்திலேயே நீரைத் தேக்கி, மெல்ல மெல்லப் பொது வடிகாலுக்கு விடும் ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும். நிலத்தடித் தொட்டியோ, செடி நட்ட பள்ளமோ, அவரவர் வசதி. செருமனியில் பல நகரங்கள், மண்ணை மூடிய கூரைக்கும் தளத்துக்கும் சதுர மீட்டர் கணக்கிட்டு மழைநீர்க் கட்டணம் வாங்குகின்றன. மூடியவன் செலுத்து, திறந்தால் குறைத்துக்கொள் என்பது அங்குள்ள முறை. அண்டையிலேயே தமிழ்நாட்டில், 2003இல், எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சில ஆண்டு நிலத்தடி நீர் உயர்ந்து மக்கள் மகிழ்ந்தனர். பிறகு பல வீடுகளில் அந்தக் குழாய் சுவரில் ஒட்டிய அலங்காரமாக நின்றுவிட்டது. குழாயின் அடியில் குழி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாரில்லை. ஒரு விதி தாளில் மட்டும் இருந்தால் அதுவும் ஒருவகைச் சடங்குதான்.

புதுவைக்கு இதில் இரட்டை நட்டம். கடலோர ஊர் இது. நிலத்தடி நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச, உப்புநீர் உள்ளே வருகிறது. கார்த்திகையில் மோட்டார் வைத்து வெளியே இறைக்கும் நீருக்காகவே சித்திரையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். கொடுத்ததைக் கடலில் கொட்டிவிட்டு, கொடுக்கவில்லையே என்று வானத்தைப் பார்த்து யாகம் வளர்ப்போர் வேறு இருக்கின்றனர்!

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு வரும் வரைபடத்தில் சாலை, பூங்கா, மின்கம்பம் எல்லாம் குறிக்கப்படுகின்றன. நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது, போகும் இடத்தில் யார் வாழ்கிறார் என்பதையும் குறிக்கச் சொன்னால் என்ன? வயலாக இருந்தபோது அந்த நிலம் எவ்வளவு நீரை வெளியே விட்டதோ, அதற்கு மேல் விடாதே என்று அளவு வைத்தால் என்ன? சாலையின் மட்டம் இது, இதற்குமேல் ஒரு விரற்கடையும் உயராது என்று கல் நட்டால் என்ன? கட்டுமான மணல் வடிகாலில் இறங்காதபடி வாயிலில் ஒரு சிறு வண்டல் குழி வெட்டுவது எவ்வளவு செலவு? இவை வானத்தை வளைக்கும் வேலைகள் அல்ல. தெருவுக்குத் தெரு இளைஞர் நான்கு பேர் மட்டப்பலகையும் அளவுநாடாவும் கொண்டு, தம் தெருவின் சரிவை அளந்து, எந்த வீட்டு நீர் எந்த வீட்டுக்குப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினால், அடுத்த கூட்டத்தில் யாரும் வருணனைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். சென்ற கோடையில் முற்றத்துச் சிமெண்டில் பாதியைப் பெயர்த்தேன். போட்ட கூலியைவிடப் பெயர்த்த கூலி அதிகம். கூரைக் குழாயைத் தெருவிலிருந்து திருப்பி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழியில் விட்டேன். முதல் மழையின் அழுக்குநீர் குழிக்குள் போகாதபடி, அதை மட்டும் தனியே கழித்துவிட ஒரு திருகு வைத்தேன். மூன்றடி மண்ணை என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. வீடு அதன்மேல் நிற்கிறது.

ஐப்பசி மழையில் அம்மையார் வாசலில் தண்ணீர் நின்றது. முன்னைவிடக் குறைவாக நின்றது. காலையில் நானே போய்ப் பார்த்தேன்.

"இந்தத் தடவ படியோட நின்னுடுச்சு தம்பி" என்றார். "எதிர் வீட்டுத் தம்பிகிட்டயும் கொஞ்சம் சொல்லேன்."

சொன்னேன். தம் கொத்தனாரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.